99.9% தூய்மை என்றால் மீதி என்ன?

பங்குனி வெயிலில்கூட எங்கள் வீட்டுக் கல்லுப்பு ஜாடிக்குள் கைவிட்டால் பிசுபிசுக்கும். ஐப்பசி அடைமழை வந்துவிட்டால் ஜாடியின் அடியில் தண்ணீரே தேங்கி நிற்கும். "உப்பு நீர் விட்டிருச்சு" என்று சொல்லி அம்மா மேலாக இருப்பதை மட்டும் அள்ளிப் போடுவார். கல்லூரியில் வேதியியல் படிக்கப் போனபோது, ஆய்வக அலமாரியில் சோடியம் குளோரைடு புட்டி ஒன்று இருந்தது. எப்போது திறந்தாலும் ஆற்றுமணல் போலப் பொலபொலவென்று கொட்டும். அதுவும் உப்பு, இதுவும் உப்பு. ஒன்று மட்டும் ஏன் இப்படிக் கசிகிறது என்ற கேள்விதான் என்னைத் தூய்மை என்கிற விஷயத்துக்குள் இழுத்துவந்தது.

கடல்நீரைப் பாத்தியில் தேக்கி வெயிலில் வற்றவிடும்போது, அதில் கரைந்திருக்கும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியும். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும். அப்புறம் நாம் சாப்பிடும் உப்பு. கடைசியில் மெக்னீசியம் உப்புகள். அதனால் தூத்துக்குடி மாதிரியான உப்பளங்களில் மிதவைக் கருவி போட்டு நீரின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். அந்த அடர்த்தியைச் சொல்லும் அளவுகோலுக்குப் போமே என்று பெயர். சுமார் 25 டிகிரி போமேயில் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ எட்டுவதற்குள் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். எவ்வளவு கவனமாக வடித்தாலும் அந்த நீரில் கொஞ்சம் உப்புக்கல்லின் மேல் படலமாகத் தங்கிவிடும். அந்தப் படலத்தில் இருப்பது மெக்னீசியம் குளோரைடு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர ஊர்களில் காற்று அதற்கும் கீழே வறண்டுபோவது அபூர்வம். ஆக, நீர் விட்டது உப்பில்லை, அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் இருக்கும், ஆனால் மொத்தப் பொருளும் நடந்துகொள்ளும் விதத்தையே அது மாற்றிவிடுகிறது. இப்படி, நாம் சொல்லும் பொருளைத் தவிர உள்ளே இருக்கும் வேறு எதையும் வேதியியலில் மாசு என்கிறோம். அழுக்கு, விஷம் என்றெல்லாம் அர்த்தமில்லை. உப்பில் இருக்கும் பொட்டாசியம் குளோரைடு உடம்புக்குக் கெடுதல் செய்யாது. ஆனாலும் சோடியம் குளோரைடு என்று எழுதிய புட்டிக்குள் அது மாசுதான். கலப்படம் என்பது வேறு. அதை ஒருவர் தெரிந்தே சேர்க்கிறார்.

முழுத் தூய்மை இருக்கிறதா?

இல்லை. ஒரு கிராம் உப்பில் சோடியம் குளோரைடு அலகுகள் ஏறக்குறைய 1-க்குப் பின்னால் 22 சுழியங்கள் போட்ட எண்ணிக்கையில் இருக்கின்றன. அந்த உப்பை 99.9999999% வரை, அதாவது ஒன்பது ஒன்பதுகள் வரை சுத்தப்படுத்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அந்த ஒரு கிராமில் பத்து லட்சம் கோடி வேற்றுத் துகள்கள் மிச்சமிருக்கும். எனவே "இது தூய்மையானதா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எவ்வளவு, எந்த வேலைக்கு, எப்படி அளந்தது என்று மூன்றையும் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

எவ்வளவு என்பதைச் சொல்லச் சதவீதம் ஓரளவு வரைதான் உதவும். அதற்குக் கீழே பிபிஎம், பிபிபி என்று போவார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிபிஎம். நூறு கோடியில் ஒரு பங்கு பிபிபி. மனதில் பிடித்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: ஒரு பிபிஎம் என்பது பதினொன்றரை நாளில் ஒரு நொடி. ஒரு பிபிபி என்பது கிட்டத்தட்ட 32 வருடத்தில் ஒரு நொடி.

எந்த வேலைக்கு என்பதற்கும் உப்பே நல்ல உதாரணம். இந்தியாவில் சாப்பாட்டு உப்பில் சோடியம் குளோரைடு 96 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அயோடின் உப்பு என்றால் வாங்குபவர் கைக்கு வரும்போது அயோடின் குறைந்தது 15 பிபிஎம் இருக்கவும் வேண்டும். ரசத்துக்கு இது போதும். அதே உப்பைக் கரைத்து மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுக்கும் தொழிற்சாலைக்கு இந்தக் கதை ஆகாது. அங்கே மின்கலத்துக்குள் இருக்கும் மெல்லிய சவ்வில் கால்சியமும் மெக்னீசியமும் படிந்தால் சவ்வே பாழாகிவிடும். அதனால் உள்ளே போகும் உப்புநீரில் இரண்டும் சேர்ந்து 20 பிபிபிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கணினிச் சில்லு செய்யும் சிலிக்கானோ, மேலே சொன்ன ஒன்பது ஒன்பதுகளைக் கேட்கிறது.

96 என்ற எண்ணிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அது உலர்ந்த நிலையில் போட்ட கணக்கு. சாப்பாட்டு உப்பில் ஈரம் 6 சதவீதம் வரை இருக்கலாம். நூறு கிராம் உப்பில் 6 கிராம் தண்ணீர் போனால் மீதி 94. அதில் 96 சதவீதம் என்றால் உண்மையில் சோடியம் குளோரைடு 90 கிராமும் சொச்சமும்தான். யாரும் பொய் சொல்லவில்லை. எதை வைத்துச் சதவீதம் போட்டார்கள் என்று நாம் பார்க்கத் தவறினால் ஆறு கிராம் கண்ணில் படாமல் போய்விடும், அவ்வளவுதான்.

அளப்பதற்கு இரண்டு பாதைகள்

முதல் பாதை, வேண்டிய பொருளையே அளப்பது. இரண்டாவது, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அளந்து நூறிலிருந்து கழிப்பது.

பார்த்தால் முதல் பாதைதான் நேர்வழியாகத் தோன்றும். நல்ல பழக்கமுள்ள கை செய்யும் அளவீட்டிலும் 0.2 சதவீதம் முன்னே பின்னே போகும் என்று வையுங்கள். 99.9 என்று விடை வந்தால் உண்மை 99.7 ஆகவும் இருக்கலாம், 100.1 ஆகவும் இருக்கலாம். நூறைத் தாண்டிய தூய்மை கிடையாது. அது அளவீட்டின் தள்ளாட்டம். பாராசிட்டமால் மருந்துப்பொருளுக்கு மருந்தியல் தரநூல்கள் 99.0 முதல் 101.0 வரை என்று எல்லை வைத்திருப்பது இதனால்தான். 101 என்பது மருந்து கூடுதலாக இருக்கிறது என்பதற்காக இல்லை, அளப்பவருக்குக் கொடுத்த இடம்.

இப்போது இரண்டாவது பாதை. மாசு மொத்தமே 0.1 சதவீதம். அதை அளக்கையில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விடை 0.09-க்கும் 0.11-க்கும் நடுவே விழும். கழித்தால் 99.89 முதல் 99.91. சுமாராக அளந்தும் பலமடங்கு துல்லியம் கிடைத்துவிட்டது! மிகத் தூய பொருள்களுக்கெல்லாம் இந்த வழியில்தான் போகிறார்கள். இதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. நீங்கள் தேடாத மாசு உங்கள் கணக்கில் வராது. இதைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உருகுநிலை

பெரிய கருவிகள் எதுவும் இல்லாத காலத்திலிருந்து வரும் சோதனை. தூய திண்மம் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், ஒன்றிரண்டு டிகிரிக்குள் சட்டென்று உருகும். மாசு சேர்ந்தால் முன்னதாகவே இளகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போய் உருகும். குல்ஃபி வண்டிக்காரர் பனிக்கட்டியில் உப்பைப் போடுவதும் இதே கணக்கு. உப்பு சேர்ந்த பனி சுழிக்குக் கீழேயே உருகுவதால் குளிர் அதிகம் கிடைக்கிறது.

கல்லூரியில் நாங்கள் செய்த சோதனை ஒன்று இன்னும் கண்முன் நிற்கிறது. யூரியா 133 டிகிரி செல்சியஸ் அருகே உருகும். சின்னமிக் அமிலமும் ஏறக்குறைய அதே 133-இல்தான். ஒரு முனை மூடிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் பொடியைத் தட்டித் தட்டி இறக்கி, வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, திரவ பாரஃபினில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றுவோம். தனித்தனியே வைத்தால் இரண்டும் 132 வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு பொடியின் ஓரம் கண்ணாடிச் சுவரை விட்டு விலகும், பளபளக்கும், ஒரு துளியாகச் சரியும். அதே இரண்டையும் பாதிப் பாதி கலந்து இன்னொரு குழாயில் வைத்தால், இருபது முப்பது டிகிரிக்கு முன்னாலேயே ஈரம் கண்டதுபோல் இளக ஆரம்பித்துவிடும். ஒன்றுக்கொன்று ஒரே உருகுநிலை கொண்ட இரண்டு பொருள்கள், சேர்ந்ததும் இரண்டுமே அந்த உருகுநிலையை இழக்கின்றன. கையில் இருப்பது யூரியாதானா என்று சந்தேகம் வந்தால், தெரிந்த யூரியாவோடு கலந்து உருக்கிப் பார்த்தாலே போதும். உருகுநிலை இறங்காவிட்டால் யூரியாவேதான்.

ஆனால் பொடியோடு கண்ணாடித்தூளோ மணலோ கலந்திருந்தால் உருகுநிலை இம்மியும் இறங்காது. உருகிய திரவத்தில் கரையும் மாசு மட்டுமே இந்தச் சோதனையில் சிக்கும். நம் உப்புக்கும் இது உதவாது. சோடியம் குளோரைடு உருக 801 டிகிரி வேண்டும்.

தரம்பார்த்தல்

பியூரெட்டும் கூம்புக்குடுவையும் வைத்துச் செய்யும் சோதனைக்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்த பெயரே தரம்பார்த்தல். எனக்கு மிகப் பிடித்த பெயர்.

உப்புக்குச் செய்து பார்ப்போம். உலர்த்திய உப்பில் 0.2500 கிராம் நிறுத்து நீரில் கரைக்கிறோம். பொட்டாசியம் குரோமேட்டில் சில சொட்டு விட்டால் கரைசல் மஞ்சளாகும். பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் செறிவுள்ள சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஒவ்வொரு சொட்டுக்கும் குளோரைடு வெள்ளைத் தயிராகப் படிகிறது. குளோரைடு தீர்ந்த மறுநொடி, அடுத்த சொட்டு குரோமேட்டைப் பிடித்துச் செங்கல் நிறம் காட்டும். குடுவையைச் சுழற்றியும் அந்த நிறம் மறையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சில்வர் நைட்ரேட் 5.844 மில்லிகிராம் சோடியம் குளோரைடுக்குச் சமம். 41.5 மில்லிலிட்டர் செலவானால் 242.5 மில்லிகிராம். எடுத்தது 250. அப்படியென்றால் 97 சதவீதம்.

சரி, இந்த 97-ஐ நம்பலாமா? சில்வர் நைட்ரேட் எண்ணியது குளோரைடை மட்டும். அந்தக் குளோரைடு சோடியத்தோடு வந்ததா, மெக்னீசியத்தோடு வந்ததா என்று அதற்குத் தெரியாது. உப்பே இல்லாமல், நீரில்லாத மெக்னீசியம் குளோரைடை மட்டும் வைத்து இதைச் செய்தால் விடை ஏறக்குறைய 123 சதவீதம் என்று வரும். ஏனென்றால் எடைக்கு எடை அதில் குளோரைடு அதிகம். ஜாடியில் நீர் விட வைத்த அதே மாசு, இந்தச் சோதனையில் உப்பின் தூய்மையைக் கூட்டிக் காட்டுகிறது! அதனால்தான் உப்பு ஆய்வகத்தில் இதோடு நிற்பதில்லை. கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று தனியாகத் தரம்பார்ப்பார்கள். சல்பேட்டைப் பேரியம் சேர்த்து வீழ்படிவாக்கி நிறுப்பார்கள். கரையாத மண்ணை வடிகட்டி நிறுப்பார்கள். ஈரத்தை அடுப்பில் உலர்த்திப் பார்ப்பார்கள். எல்லாம் கையில் வந்தபிறகே குளோரைடை யார் யாருக்குப் பங்கிடுவது என்று கணக்குப் போட முடியும்.

இன்னொரு விஷயமும் யோசித்துப் பாருங்கள். அந்த சில்வர் நைட்ரேட் சரியாக 0.1 மோலார்தான் என்று எப்படித் தெரிந்தது? தூய சோடியம் குளோரைடை நிறுத்து, அதற்கு எதிராகத் தரம்பார்த்து. அந்த உப்பின் தூய்மையை யார் சொன்னார்கள்? சங்கிலி இப்படியே பின்னோக்கிப் போய், நாட்டின் அளவியல் நிறுவனம் சான்றளித்த பொருளில் முடியும். இந்தியாவில் புது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்படிப்பட்ட மேற்கோள் பொருள்களை பாரதிய நிர்தேசக் திரவ்யா என்ற பெயரில் வெளியிடுகிறது. நம் பொற்கொல்லர்கள் உரைகல்லில் நகையை ஒரு கீற்று, மாற்றுத் தெரிந்த பொன்னை ஒரு கீற்று இழுத்து அருகருகே பார்ப்பதும் இதே முறைதான். தூய்மையைத் தனியாக வைத்து யாரும் அளப்பதில்லை. தெரிந்த ஒன்றோடு வைத்துத்தான் பார்க்கிறோம்.

பிரித்துப் பார்ப்பது

மருந்துத் துறையில் இன்று தினமும் ஓடுவது ஹெச்பிஎல்சி, அதாவது உயர்செயல்திறன் திரவ நிறப்பகுப்பு. கரைத்த மாதிரியை அழுத்தத்தோடு ஒரு குழாய்க்குள் தள்ளுகிறார்கள். உள்ளே இறுக்கி நிரப்பிய நுண்துகள்களோடு ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவுக்கு ஒட்டி உறவாடி, வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வெளியே வரும்போது புறஊதா ஒளி அதன்மேல் பட, திரையில் ஒரு முகடு எழும். பாராசிட்டமாலை ஓட்டினால் கோபுரம்போல் ஒரு பெரிய முகடும், காலடியில் சின்னச் சின்ன மேடுகளும் தெரியும். அந்த மேடுகளில் ஒன்று 4-அமினோஃபீனால். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதற்கு எல்லை 50 பிபிஎம்.

எல்லா முகடுகளின் பரப்பையும் கூட்டி, பெரிய முகடு அதில் எத்தனை சதவீதம் என்று கருவியே சொல்லிவிடும். 99.8 என்று வருகிறது. புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்கள் இதை அப்படியே தூய்மை என்று எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாராசிட்டமாலில் பாதிக்குப் பாதி சமையல் உப்பைக் கலந்து ஓட்டினாலும் திரையில் வருவது அதே 99.8-தான். அந்தப் புறஊதா ஒளியை உப்பு உறிஞ்சுவதில்லை, தண்ணீரும் உறிஞ்சுவதில்லை. கருவிக்குத் தெரிந்தவற்றுக்குள் 99.8 என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எனவே ஈரத்துக்கு கார்ல் ஃபிஷர் முறை, எரித்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு ஒரு சோதனை, தங்கிப்போன கரைப்பான்களுக்கு, ஆவியாக்கிப் பிரித்துப் பார்க்கும் வாயு நிறப்பகுப்பு என்று இதைச் சுற்றிலும் வேறு சோதனைகள் நிற்கின்றன.

சோதனைக்குத் தெரியாதது

ஒரு சோதனையின் குருட்டு இடம் எது என்று தெரிந்துகொண்டவர் அதை ஏமாற்றவும் முடியும். 2008-இல் சீனாவில் பாலில் தண்ணீர் சேர்த்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். பாலின் புரதத்தை அன்றைய வழக்கப்படி நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து புரதமாகக் கணக்கிடுவார்கள். புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 சதவீதம். பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமைனில் அது எடையில் மூன்றில் இரண்டு பங்கு. கொஞ்சம் மெலமைன் போட்டதும் நீர்த்த பால் சோதனையில் தேறிவிட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு குழந்தைகள் இறந்தார்கள்.

டைஎத்திலீன் கிளைக்கால் கதை இதைவிடப் பழையது, இன்னும் முடியாதது. இருமல் மருந்துகளில் கரைப்பானாகச் சேரும் கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் நிறமற்ற, இனிப்பான, குழகுழப்பான திரவங்கள். டைஎத்திலீன் கிளைக்காலும் பார்வைக்கும் நாவுக்கும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அது சிறுநீரகத்தை அழிக்கும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை அதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் விளைவாக மறு ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் பலர் இறந்தபோது, தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அந்த மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. கரைப்பானில் இதற்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். வாயு நிறப்பகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் பிடிபடக்கூடிய விஷயம். மருந்துப்பொருள் சரியான அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக்கு இது தெரியவே தெரியாது. இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தச் செய்தியை எழுதும்போது எனக்கு இன்னும் கை நடுங்குகிறது.

தேடாத ஒன்று தானாகவே கண்ணில் பட்டு, நல்லது நடந்த சந்தர்ப்பமும் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜன், கரியமில வாயு, ஈரம் எல்லாவற்றையும் எடுத்தபின் மிஞ்சிய நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் கோளத்தில் 2.3102 கிராம் எடை நின்றது. வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் அதே கோளத்தில் 2.2990 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். வேறொருவராக இருந்தால் அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார். அவர் திரும்பத் திரும்ப அளந்தார், வித்தியாசம் போகவில்லை. 1894-இல் அவரும் வில்லியம் ராம்சேயும் அந்த மாசைப் பிரித்தெடுத்தார்கள். அதுவரை யாரும் அறியாத தனிமமாக இருந்தது: ஆர்கான். நாம் சுவாசிக்கும் காற்றில் 0.93 சதவீதம் அதுதான்.

இனி ஒரு புட்டியையோ பகுப்பாய்வுச் சான்றிதழையோ பார்க்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலுக்குப் போங்கள். நல்ல ஆய்வகத்தர சோடியம் குளோரைடு புட்டியில் புரோமைடு, சல்பேட், கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், இரும்பு என ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு தனித்தனியே போட்டிருக்கும். எந்த முறையில் அளந்தது, உலர்ந்த நிலையிலா என்பதும் இருக்க வேண்டும். பட்டியலே இல்லாமல் 99.9 மட்டும் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. கல்லுப்பை வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பே கரைந்து போய்விடும். அதனால் பொடி உப்பை இனிமேல் கரையாது என்கிற அளவுக்குத் தண்ணீரில் கரைத்து, அந்த நிறைந்த உப்புநீரைக் கல்லுப்பின் மேல் ஊற்றி அலசி வடித்துவிடுங்கள். ஏற்கெனவே வயிறு நிறைந்த அந்த நீர் சோடியம் குளோரைடைத் தொடாது. மேலே ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடை மட்டும் கரைத்துக்கொண்டு போகும். உப்பு ஆலைகளிலும் இப்படித்தான் கழுவுகிறார்கள். கழுவியதை வெயிலில் காயவைத்து, கழுவாத உப்பு ஒரு தட்டு, கழுவியது ஒரு தட்டு என்று ஜன்னலோரம் வைத்து ஒரு வாரம் பாருங்கள். கழுவிய உப்பைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். மெக்னீசியத்தோடு அயோடினும் அந்த நீரில் போயிருக்கும்.